புறாவால்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசை,
லிம் கடையில் மூன்றாவது அலமாரி.
பதினைந்து பிட், மரப்பெட்டியோடு, ஐம்பத்தொன்பது வெள்ளி.
தனியாக ஒன்றே ஒன்று, பிளாஸ்டிக் குழாயில், எழுபத்திரண்டு.

போன மாதம் பெட்டியைத்தான் வாங்கினேன்.
மஞ்சள் பூசிய பதினைந்தும்
நகைக்கடைத் தட்டில் இருப்பதுபோல் இருந்தன.
மூன்றாவது பலகையில் புகைந்தது.
பள்ளத்தின் ஓரம் கறுத்து, கருகின சர்க்கரை வாடை.
ஏழாவது பலகையில் ஒரு பல்
தண்டைவிட்டுக் கழன்று
என் காதை உரசிப்போய்த் தகரச் சுவரில் தைத்தது.
இன்னும் அதைப் பிடுங்கவில்லை.
வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.
சிவநேசன் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு,
"பெட்டி நல்லாத்தான் இருக்கு அக்கா,
திருகாணி போட்டு வச்சுக்க" என்றான்.
போட்டு வைத்திருக்கிறேன்.

காக் ரொக்காயா நாசி லெமாக் கடைக்கு
ஒரு கல்லா கேட்டிருக்கிறாள்.
காலை ஆறுக்கும் பதினொன்றுக்கும் நடுவே
முந்நூறு தடவை இழுப்பாள்.
ஒன்றரை வெள்ளிப் பொட்டலத்துக்கு
லாரிக்காரன் ஐம்பதை நீட்டும்போது
கொஞ்சம் கூடுதலாகவே இழுப்பாள்.
ஆணி நெகிழ்ந்துவிடும். கோந்து விட்டுவிடும்.
புறாவால் இணைப்பு விடாது.

நேர் பிட் இரக்கமுள்ளது.
இரண்டு மில்லி, இன்னும் இரண்டு மில்லி என்று
பயந்து பயந்து இறங்க விடும்.
புறாவால் பிட்டுக்கு அடி அகலம், இடை குறுகல்.
முதல் ஓட்டமே முழு ஆழம்.
பாதியில் மனசு மாறித் தூக்கினால்
பள்ளத்தின் உதட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும்.
அதனால்தான் முதலில் தண்டைப் பார்க்கிறேன்.
கால் அங்குலம் நடுங்கும்.
அரை அங்குலம் நிற்கும்.

"பிரித்துப் பார்க்கலாமா?"
லிம்மின் மகள் சியூ லிங் கத்தரிக்கோலை நீட்டினாள்.
கைப்பேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
கார்பைட் என் நகத்தைவிடத் தடிமனா?
இருந்தால் இரண்டு முறை சாணை தாங்கும்.
பற்றவைத்த கோடு,
பித்தளை நிறத்தில், அறுபடாமல் ஓடுகிறதா?
எழுபத்திரண்டு வெள்ளியில் ஒன்றில்
ஊசிமுனை அளவு ஓட்டை.
அதே குழாய், அதே விலை, அதே பச்சை ஸ்டிக்கர்.

சியூ லிங் கண்ணாடியைக் கழற்றி
மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் மேசைக்கடியில் போட்டாள்.
அடுத்ததைத் தந்தாள்.
கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுத்தேன்.
வெள்ளையாக ஒரு சுருள் எழுந்தது.
"எழுபது," என்றாள், நான் கேட்காமலே.

பால்மரப் பலகை.
இருபத்தைந்து வருடம் சாய்கோட்டில் வெட்டுப்பட்டது,
கத்தி இதற்குப் புதிதில்லை.
மொக்கையான கத்திதான் புதிது;
அதை மட்டும் பொறுக்காமல் கறுக்கிறது.
நேர் பிட்டால் நடுவை எடுத்துவிட்டு
மூச்சைப் பிடித்துப் புறாவாலை உள்ளே விட்டேன்.
புகை இல்லை.
தூள் மாவாக இல்லாமல் துருவலாக விழுந்தது.
நாலு மூலையும் உள்ளங்கை அடியில் இறங்கின.
சுத்தியல் ஸ்டூல்மேல் சும்மா கிடந்தது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கொண்டுபோய் வைத்தேன்.
காக் ரொக்காயா மூலைகளைப் பார்க்கவேயில்லை.
இழுத்தாள். தள்ளினாள். திரும்ப இழுத்தாள்.
முகம் கோணியது.
"மூடுனதே தெரியலையே.
அந்தப் பக்கம் திரும்பி சம்பல் அள்ளுறப்ப
திறந்து கிடக்கா, மூடியிருக்கான்னு
நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மூலையைக் காட்ட வாயெடுத்தேன்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஹாரன் அடித்தது.
வரிசையில் எட்டுப் பேர்.

ஒரு பத்துக்காசை எடுத்து
இழுப்பறையின் முதுகில் ஒட்டினேன்.
அதற்கு நேர் எதிரே
மரப்பெட்டியிலிருந்து ஒரு திருகாணி.

இப்போது மூடினால்
டிக்.
அவள் திரும்பாமலே தலையாட்டுகிறாள்.